பிரெஞ்சு பாணி வீடு: கொழும்பில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளக அலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தங்கை, "முதல் வேலை முடிஞ்சுது அக்கா, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டிருந்தாள். வரவேற்பறையில் பழைய தேக்கு அலுமாரி ஒன்று, முகமெல்லாம் வெள்ளை பெயின்ட்டோடு நின்றது. 15 வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அளவெடுக்காமல் சோபா வாங்குவது, கண்டதற்கெல்லாம் பொன்னிறம் பூசுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு வீட்டிலேயே புரிந்துவிடும்.

நல்ல மரத்துக்கு வெள்ளை அடிப்பது

பிரெஞ்சு பாணி என்றதும் வளைந்த காலும் பால்வெள்ளை நிறமும் கொண்ட கதிரைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதற்கு ஏன் நிறம் பூசினார்கள்? 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கதிரைச் சட்டங்களைப் பெரும்பாலும் பீச் மரத்தில் செய்தார்கள். செதுக்க நல்ல மரம், ஆனால் ரேகையில் அழகில்லை. அதை மறைக்கத்தான் பெயின்ட்டும் பொன் தகடும். நாட்டுப்புறத்து வால்நட், ஓக் அலுமாரிகளுக்கு மெழுகு தேய்த்து, மரத்தை மரமாகவே விட்டார்கள்.

இது தெரியாமல் பம்பலப்பிட்டியில் ஒரு அன்ரியின் அலுமாரியைக் கெடுத்தேன். அவருடைய அம்மம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தேக்கு. அரத்தாள் போட்டு உரசி, நேரே வெள்ளை அடித்தோம். ஒரு மழைக்காலம் போகவில்லை, உள்ளேயிருந்து மஞ்சள் கறை ஊறி வந்தது. தேக்கின் எண்ணெயும் சாயமும் தண்ணீர் கலந்த பெயின்ட்டைத் தாண்டி மேலே வந்துவிடும். இரண்டாம் பூச்சு, மூன்றாம் பூச்சு, எல்லாவற்றிலும் கறை. கடைசியில் மொறட்டுவையிலிருந்து ஒரு தச்சர் வந்து சுரண்டி எடுத்தார். புது அலுமாரி வாங்கும் காசு போயிற்று. கதவில் இருந்த கொடிச் செதுக்கலின் கூர்மையும் போயிற்று. "பழைய நிறம் வராதா பிள்ளை?" என்று அன்ரி ஒரே ஒரு தடவை கேட்டார். வரவேயில்லை.

வெள்ளைத் தளபாடம்தான் வேண்டுமென்றால், பூச்சிக்கு மருந்தேற்றிய ரப்பர் மரத்தில் புதிதாகச் செய்வியுங்கள். வெளிறிய மரம், பெயின்ட் நன்றாக ஏற்கும். நேரான, நீளவரி செதுக்கிய காலும் முட்டை வடிவ முதுகும் கேளுங்கள். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி காலத்துப் பாணி அதுதான். பழைய மரத்தைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் கறையை மேலே வரவிடாத அரக்கு ப்ரைமர் பூசி, யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் சில வாரம் பொறுத்துப் பாருங்கள்.

வெல்வெட் திரைச்சீலை

கடற்காற்றும் மே மாத மழையும் சேர்ந்தால் பருத்தி வெல்வெட்டில் பூஞ்சணம் பிடிக்கும். அச்சிட்ட பருத்தியே போதும், அதுவும் பிரெஞ்சுதான். சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத் துணிகளுக்குப் பிரான்சில் அவ்வளவு மோகம் இருந்ததால், 1686இல் அரசே அவற்றைத் தடை செய்தது. தடை 1759இல் நீங்கியது. மறு வருடமே ஓபர்காம்ப் என்பவர் ஷூயி என்ற ஊரில் அச்சுப் பட்டறை தொடங்கினார். ஒற்றை நிறத்தில் மேய்ச்சல் காட்சிகள் அச்சிட்ட 'துவால் த ஷூயி' அங்கே பிறந்தது. நம் கரைத் துணியின் வழி வந்ததை விட்டுவிட்டு வெல்வெட்டுக்கு ஏன் அலைய வேண்டும்? கதிரை முதுகுக்குப் பிரம்பு பின்னலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரரும் பின்னினார்கள், இங்கே வேவல்தெனியாவிலும் பின்னுகிறார்கள். காற்று உள்ளே போய்வரும்.

ஈரச் சுவரில் எம்டிஎப் அலங்காரச் சட்டங்கள்

எம்டிஎப் என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. ஈரம் பட்டால் ஊதிவிடும். முதலில் கசிவை நிறுத்துங்கள்.

மின்விசிறிக்குப் பக்கத்தில் சரவிளக்கு

வேண்டாம்.

கடல் பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி

உப்புக் காற்றில் விளிம்பு கறுக்கும். வீட்டின் உட்சுவரில் மாட்டுங்கள்.

தங்கையின் அலுமாரிக்கு உள்பக்கம் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. கதவைத் திறந்தால் பழைய தேக்கு அப்படியே இருக்கிறது. அதை மட்டுமாவது தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.