கொலம்பஸில் ஏறினாலே குமட்டுகிறதா? ரைடுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

தீம் பார்க்கில் ரைடு முடிந்து இறங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நகராமல் நிற்பவர்களைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று சிரிப்பது வழக்கம். பயத்துக்கும் குமட்டலுக்கும் சம்பந்தம் குறைவு. பயம் க்யூவில் நிற்கும்போதே வந்துவிடும்: நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், ரைடு நின்றதும் போய்விடும். குமட்டல் ரைடு நகர ஆரம்பித்த பிறகுதான் வரும், நின்ற பிறகும் விடாது. உங்களுக்கு வருவது முதல் வகை என்றால் இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. இரண்டாவது வகை என்றால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதுதான்.

முதலில் ஒரு விஷயம். வயிற்றைப் பிரட்டுவதற்கு உயரமோ வேகமோ முக்கியக் காரணம் இல்லை. சுழற்சிதான் காரணம், அதிலும் சுழலும்போது தலையை அசைப்பது. அதனால்தான் ரோலர் கோஸ்டரில் தைரியமாகப் போய்வந்தவர், குழந்தைகள் ஏறும் டீ கப்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாந்தி எடுக்கிறார்.

ஏன் வருகிறது: ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை டீத்தூளைத் தூவி, தட்டில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் டம்ளர் மட்டும் சுற்றும், தூள் நின்ற இடத்திலேயே நிற்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். இப்போது டம்ளரைச் சட்டென்று நிறுத்துங்கள். டம்ளர் நின்றுவிட்டது, தூள் இன்னும் சுற்றுகிறது.

உங்கள் உள்காதிலும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அந்தத் திரவத்தின் அசைவு. ரைடு நின்ற பிறகும் சில விநாடிகள் அது "இன்னும் சுற்றுகிறோம்" என்றே சொல்லும். கண்ணோ "நின்றுவிட்டோம்" என்கிறது. இந்த முரண்பாட்டை மூளை தீர்க்க முடியாமல் திணறும்போது வயிறு பிரட்டுகிறது. 4டி தியேட்டரில் இது தலைகீழ்: உடம்பு நாற்காலியில் இருக்கிறது, கண் மட்டும் பறக்கிறது.

மூன்று குழாய்களும் மூன்று திசையில் இருப்பதால் இன்னொரு வம்பும் உண்டு. ஒரு திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது தலையைக் குனிந்தாலோ சாய்த்தாலோ, எல்லாக் குழாய்களிலும் திரவம் ஒரே நேரத்தில் கலங்கும். நடக்காத ஒரு புரட்டல் நடப்பதுபோல மூளைக்குச் செய்தி போகும். சுழலும் ரைடில் கழன்ற செருப்பைக் குனிந்து தேடுவது, பக்கத்தில் இருப்பவர் கத்துவதைப் பார்க்கத் திரும்புவது, செல்ஃபி எடுக்கத் தலையைச் சாய்ப்பது எல்லாமே குமட்டலைக் கை தட்டி அழைப்பதுதான்.

படி 1: முந்தைய இரவும் காலைச் சாப்பாடும்

தூக்கம் கெட்டால் குமட்டல் சீக்கிரம் வரும். விடிகாலை 4 மணிக்கு வேன் ஏறி, வழியெல்லாம் போன் பார்த்துக்கொண்டு, கேட் திறக்கும்போது போய் இறங்குகிறவர்களுக்குப் பாதித் தலைசுற்றல் வேனிலேயே ஏறியிருக்கும். வேனில் முன் சீட்டில் உட்காருங்கள், ரோட்டைப் பாருங்கள், போனைப் பையில் போடுங்கள்.

வெறும் வயிற்றோடு போகக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. முதல் ரைடுக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, அல்லது இரண்டு இடியாப்பம், அல்லது ஒரு கிண்ணம் பொங்கல் (நெய்யைக் குறைத்து) போதும். பூரி, வடை, பரோட்டா வேண்டாம். எண்ணெயில் ஊறியது வயிற்றிலிருந்து இறங்கத் தாமதமாகும். முதல் நாள் இரவு மது குடித்திருந்தால் அன்றைக்குச் சுழலும் ரைடுகளை மறந்துவிடுங்கள்.

படி 2: மாத்திரை போடுவதாக இருந்தால்

இங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். மெடிக்கலில் "வாந்தி மாத்திரை" என்று கேட்டால் ஒன்டான்செட்ரானோ டொம்பெரிடோனோ கிடைக்கலாம். வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் மற்ற வகை வாந்திக்கும் அவை நல்ல மருந்துகள்தான். ஆனால் அசைவினால் வரும் குமட்டலுக்குப் பெரிதாக உதவுவதில்லை. இந்தக் குமட்டல் உள்காதிலிருந்து கிளம்புகிறது, அந்த வழியை அவை அடைப்பதில்லை.

வேலை செய்பவை ஹிஸ்டமினைத் தடுக்கும் பழைய வகை மருந்துகள். பஸ்ஸில் போகிறவர்கள் காலங்காலமாகப் போடும் அவோமின் இந்த வகை (ப்ரோமெதசின்): பெரியவர்களுக்கு 25 மி.கி. ஒரு மாத்திரை, முதல் ரைடுக்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பு. டைமென்ஹைட்ரினேட் என்றால் 50 மி.கி., அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. குமட்டல் ஆரம்பித்த பிறகு விழுங்கிப் பயன் குறைவு. அந்த நேரத்தில் வயிறு வேலைநிறுத்தம் செய்துவிடும், மாத்திரை உள்ளே போய் அப்படியே கிடக்கும்.

இரண்டுமே தூக்கம் வரவைக்கும். மாத்திரை போட்டவர் வண்டி ஓட்டக் கூடாது, வேவ் பூலில் தனியாக இறங்கவும் கூடாது. கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கர்ப்பிணிகளைப் பெரும்பாலான ரைடுகளில் ஏற்றவே மாட்டார்கள், அது வேறு விஷயம். குழந்தைகளுக்கு அளவை மருத்துவர் சொல்லட்டும், பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். 2 வயதுக்குக் கீழ் ப்ரோமெதசின் கூடவே கூடாது.

மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு இஞ்சி. சுக்குப் பொடி 1 கிராம் (தலை தட்டிய அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் கூட) வெந்நீரில் கலந்து ஒரு மணி நேரம் முன்பு குடிக்கலாம். இஞ்சி மொரப்பாவை வாயில் அடக்கிக்கொள்ளலாம். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை, பெரிதாகக் கெடுதல் இல்லை. மணிக்கட்டில் கட்டும் பட்டைகளுக்கும் அதே கதைதான், ஆதாரம் இன்னும் குறைவு. எலுமிச்சம்பழம் முகர்வது உள்காதைத் தொடாது. ஆனால் டீசல் வாடையும் எண்ணெய் வாடையும் குமட்டலைக் கிளப்பும் என்பதால், அதை மறைக்கவாவது உதவும்.

படி 3: எதில் முதலில் ஏறுவது

கேட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் முதல் ரைடுக்கு ஓடாதீர்கள். வரைபடத்தைப் பார்த்து ரைடுகளை மனதில் மூன்றாகப் பிரியுங்கள்.

ஜெயண்ட் வீல், டவரில் ஏற்றி இறக்கும் ரைடு, நேராகப் போய் வரும் கோஸ்டர்: இவை பயமுறுத்தும், ஆனால் குமட்டல் குறைவு. காலையில் இவற்றில் ஆரம்பியுங்கள்.

கொலம்பஸ் கப்பல் நடுத்தரம். சுழற்சி இல்லாத ஏற்ற இறக்கங்களில், போய்த் திரும்ப 5 விநாடிக்கு அருகில் எடுக்கும் மெதுவானதுதான் மனித உடம்புக்கு மிகவும் ஒவ்வாதது. கடலில் கப்பல் பிரட்டுவதும் ஏறக்குறைய அந்தத் தாளத்தில்தான். பெரிய கொலம்பஸும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

டீ கப், பிரேக் டான்ஸ், உருளைக்குள் சுவரோடு ஒட்டவைக்கும் ரோட்டர், சுழன்றுகொண்டே ஊசலாடும் ரைடுகள்: இவைதான் ஆட்களைக் கவிழ்ப்பவை. இவற்றில் இரண்டை அடுத்தடுத்து ஏறவே கூடாது. நடுவில் குறைந்தது 20 நிமிஷம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு வேண்டாம், அந்த நேரத்தில் தண்ணீர்ப் பக்கம் போகலாம். அங்கேயும் நாலு பேர் உட்காரும் வட்ட டியூப் சறுக்கும்போது சுழலும் என்பதை நினைவில் வையுங்கள். நேர் சறுக்கல் பரவாயில்லை.

சென்னை தீவுத்திடல் போன்ற இடங்களில் நடக்கும் பொருட்காட்சிகளில் கொலம்பஸும் பிரேக் டான்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பஜ்ஜிக் கடையும் அங்கேயே இருக்கும். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: ரைடு முதலில், பஜ்ஜி கடைசியில்.

படி 4: சீட்டும் தலையும் கண்ணும்

கொலம்பஸில் நடு வரிசை. ஓரத்தில் இருப்பவர் தன் பக்கம் ஏறும்போது எல்லோரையும்விட உயரம் போய் அங்கிருந்து விழுகிறார். நடுவில் ஏற்ற இறக்கம் குறைவு. ரோலர் கோஸ்டரில் முன் பக்கம்: வளைவு எங்கே வருகிறது என்று தெரியும், கடைசிப் பெட்டிக்கு விழும் சொடுக்கும் இருக்காது. டீ கப்பில் நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால்தான் கப் வேகமாகச் சுழலும். யாரையும் தொடவிடாதீர்கள், கூட வரும் சித்தப்பா பையனை முக்கியமாக. பிரேக் டான்ஸ் மாதிரி தானாகச் சுழலும் பெட்டியில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தால் சுழற்சி கூடும், எடை இருபுறமும் சமமாக இருக்கட்டும்.

ரைடு கிளம்பும் முன்பே பின்தலையைச் சாய்மானத்தில் அழுத்திவையுங்கள். கால் இரண்டையும் தரையில் ஊன்றுங்கள். கழுத்து விறைப்பாக இருந்தால் போதும், தோள் தளர்வாக இருக்கட்டும். இறங்கும் வரை தலை நகரக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

கண்ணை எங்கே வைப்பது என்பது ரைடைப் பொறுத்தது. கோஸ்டரில் முன்னால் வரும் தண்டவாளத்தை. கொலம்பஸில் கீழே தரையைப் பார்க்காமல், எதிரே தூரத்து மரங்களும் வானமும் சேரும் இடத்தை. சுழலும் ரைடில் வெளியே பார்த்தால் எல்லாம் கோடு கோடாக ஓடும், அதனால் பெட்டிக்குள்ளேயே ஒரு இடத்தை, நடுச் சக்கரத்தையோ எதிரில் இருப்பவர் சட்டைப் பொத்தானையோ. கண்ணை மூடினால் சிலருக்குத் தேவலை, சிலருக்கு இன்னும் மோசம், முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். 4டி தியேட்டரிலும் விஆர் கண்ணாடியிலும் குழப்பமே இல்லை: பிரட்டினால் கண்ணை மூடுங்கள், படம் நின்றால் பாதித் தொல்லை நின்றது.

படி 5: ஆரம்ப அறிகுறியைப் பிடிப்பது

வாந்தி திடீரென்று வருவதில்லை, முன்கூட்டியே ஆள் அனுப்பும். முதலில் கொட்டாவி. பிறகு வாயில் எச்சில் ஊறும், அடிக்கடி விழுங்குவீர்கள். ஏப்பம் வரும். நெற்றியிலும் மேலுதட்டிலும் குளிர்ந்த வியர்வை. உதடு வெளுக்கும். குழந்தைகளிடம் இதைவிட எளிதான அடையாளம், அதுவரை கத்திக்கொண்டிருந்தது சட்டென்று பேசாமல் போகும். 2 முதல் 12 வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம். "பணம் கட்டியாச்சு, ஏறு" என்று அந்த நேரத்தில் அடுத்த க்யூவுக்கு இழுத்துப்போகாதீர்கள்.

கொட்டாவியிலேயே நிறுத்தினால் 15 நிமிஷத்தில் சரியாகும். எச்சில் ஊறும் வரை போனால் அரை மணியாவது ஆகும். ஓடும் ரைடில் ஆரம்பித்தால் வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுங்கள்: நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. தலை அதே இடத்தில். இறங்கியதும் நிழலில், சுவரில் தலை சாய்த்து உட்காருங்கள். பிடரியில் ஈரக் கைக்குட்டை. போன் வேண்டாம். தண்ணீரை மடமடவென்று குடித்தால் அதுவே திரும்பி வரும், ஒரு வாய், இரண்டு நிமிஷம், அடுத்த வாய்.

வாந்தி எடுத்துவிட்டால் வாயைக் கொப்பளித்து, 10 நிமிஷம் கழித்து ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பாக்கெட்டில் என்ன அளவு தண்ணீர் போட்டிருக்கிறதோ அதே அளவு, வழக்கமான பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர். வெயிலில் இது கட்டாயம்.

ஒரு மணி நேரத்துக்கு மேலும் அறை சுற்றுவதுபோல இருந்தால், மயங்கி விழுந்தால், கடுமையான தலைவலி, கழுத்துவலி, நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது இருந்தால் அது சாதாரண ரைடு குமட்டல் இல்லை. பார்க்கின் முதலுதவி அறைக்கும் அங்கிருந்து மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

பழக்கப்படுத்துவது

மாத்திரையைவிட நிலைத்து நிற்கும் வைத்தியம் பழக்கம்தான். கடலோடிகளுக்குச் சில நாளில் குமட்டல் அடங்குவது இப்படித்தான். பார்க்குக்குப் போகும் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பிருந்து தினமும் ஊஞ்சலில் 2 நிமிஷம் ஆடுங்கள், கொட்டாவி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வராவிட்டால் அடுத்த நாள் அரை நிமிஷம் கூட்டுங்கள். சுழல் நாற்காலியில் தலையை நேராக வைத்து, பத்து விநாடிக்கு ஒரு சுற்று வேகத்தில் ஐந்து சுற்று, பிறகு எதிர்ப்பக்கம் ஐந்து. ஊஞ்சல் பழகினால் கொலம்பஸ் சுலபமாகும், டீ கப் சுலபமாகாது. எந்த அசைவைப் பழக்குகிறோமோ அதற்குத்தான் உடம்பு பழகும். ரொம்ப நாள் விட்டால் மறந்தும் போகும்.

சாயங்காலம் குமட்டல் போனாலும் மந்தமும் தூக்கக் கலக்கமும் சில மணி நேரம் இருக்கும். மாத்திரை போடாதவருக்கும் இது உண்டு, அசைவின் பின்விளைவு. ஆகவே வீட்டுக்குத் திரும்பும்போது ஈசிஆரில் பைக்கை ஓட்டப்போவது யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். அவர் டீ கப் பக்கம் போகாமல் பைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.