ஸ்பேம் ஃபில்டர் செட்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் ஸ்பேம் ஃபில்டர் பக்கத்துக்குப் போவதே பெரும்பாலும் எரிச்சலில்தான். காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் வரிசையாகக் குப்பை. அந்தக் கோபத்தில் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஆன் செய்துவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். குப்பை குறைந்தது. கூடவே, வரவேண்டிய மெயில்களும் வராமல் போயின. ஒரு குப்பை மெயில் உள்ளே வந்துவிட்டால் அதை அழிக்க ஒரு நொடி போதும். நல்ல மெயில் ஒன்று காணாமல் போனாலோ, போனது என்பதே நமக்குத் தெரியாது. ஃபில்டரில் எதைத் தொட்டாலும் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு தொடுங்கள்.

பெரும்பாலானோர் முதலில் தடுமாறுவது ஸ்கோர் எண்ணில். சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள ஹோஸ்டிங்கில் பின்னால் இயங்குவது வழக்கமாக ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருள். வரும் ஒவ்வொரு மெயிலையும் அது பல சோதனைகளுக்கு உட்படுத்தும். சப்ஜெக்ட் இல்லையா, சில புள்ளிகள் கூடும். அனுப்பிய சர்வர் தடைப்பட்டியலில் இருக்கிறதா, இன்னும் கூடும். கூட்டுத்தொகை நாம் வைத்த எல்லையைத் தொட்டால் அது ஸ்பேம். இயல்பான எல்லை 5. எண்ணைக் கூட்டினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்து 10 வைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். எண் குறையக் குறையத்தான் கெடுபிடி அதிகம்.

நான் செய்தது அடுத்த தவறு. எல்லையை 3-க்கு இறக்கியதோடு நிற்காமல், ஸ்பேமைத் தானாக அழிக்கும் வசதியையும் ஆன் செய்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "மூணு தடவை அனுப்பிட்டேன், பதிலே இல்லையே" என்றார். தானாக அழிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன். இந்த முறை மெயில் ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்தது. அதன் முழு ஹெடரை, அதாவது மெயிலோடு மறைந்து வரும் விவரப் பகுதியை, திறந்து பார்த்தால், ஸ்கோர் 3.4, தேவையானது 3.0 என்று ஒரு வரி. பக்கத்திலேயே காரணங்களும் இருந்தன: சப்ஜெக்ட் இல்லை, உள்ளே எழுத்தே இல்லாமல் ஒரு படம் மட்டும். அவர் செய்த குற்றம், கையெழுத்திட்ட தாளை மொபைலில் படம் எடுத்து அப்படியே அனுப்பியதுதான். எல்லை 5-லேயே இருந்திருந்தால் அது நேராக இன்பாக்ஸுக்கு வந்திருக்கும். அதற்கு முன் அனுப்பிய மூன்றும் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அதனால், தானாக அழிப்பதை ஆரம்பத்தில் ஆன் செய்யவே வேண்டாம். ஸ்பேமைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பும் வசதியை மட்டும் வைத்து, இரண்டு மூன்று வாரம் அந்த ஃபோல்டரைப் பார்த்து வாருங்கள். அங்கே விழும் குப்பையின் ஸ்கோர் எவ்வளவு, தவறாக விழும் நல்ல மெயிலின் ஸ்கோர் எவ்வளவு என்று ஹெடரிலேயே தெரியும். அப்புறம் வேண்டுமானால் அழிப்பதற்கு மட்டும் உயரமான ஒரு தனி எண் வையுங்கள். அந்த ஃபோல்டரும் உங்கள் இடத்தைத்தான் சாப்பிடும், அவ்வப்போது காலி செய்யாவிட்டால் கணக்கு நிரம்பி நல்ல மெயிலும் திரும்பிப் போகும்.

இதில் ஒரு கண்ணி. மெயிலை பாப் (POP) முறையில் கணினிக்கு இறக்குகிறவர்களுக்கு இன்பாக்ஸ் மட்டுமே கணினிக்கு வரும், ஸ்பேம் ஃபோல்டர் சர்வரிலேயே கிடக்கும். அதைப் பார்க்க வெப்மெயிலுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் சர்வரில் உள்ள எல்லா ஃபோல்டரையும் காட்டும் ஐமேப் (IMAP) முறைக்கு மாறிவிட வேண்டும்.

இவர்கள் அனுப்புவதை ஸ்பேமாக எண்ணாதே என்று நாம் சொல்லிவைக்கும் அனுமதிப் பட்டியலில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நம் அலுவலக மெயிலே ஸ்பேமில் விழுகிறதே என்று சொந்த டொமைன் முழுவதையும், எல்லா முகவரியும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறி (*) போட்டுப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பட்டியலில் உள்ள முகவரிக்கு ஸ்பேம்அசாசின் 100 புள்ளிகளைக் கழித்துவிடும். அதன் பிறகு எவ்வளவு மோசமான மெயிலும் தாராளமாக உள்ளே வரும். அது பார்ப்பதோ அனுப்புநர் என்று மெயிலில் எழுதியிருக்கும் முகவரியை. அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். மோசடிக்காரர்கள் விரும்பி எழுதுவதே உங்கள் டொமைனின் பெயரைத்தான்: உங்கள் கணக்குப் பிரிவிலிருந்து வந்ததுபோல், இந்தப் பில்லை உடனே கட்டுங்கள் என்று. ஜிமெயில் முழுவதையும் அனுமதிப்பதும் இதே ரகம். தனித்தனி முகவரிகளை மட்டும் சேருங்கள், அதுவும் உண்மையிலேயே ஸ்பேமில் விழுந்தவற்றை மட்டும்.

சொந்த மெயில் ஏன் ஸ்பேமில் விழுகிறது என்பதற்கான பதில் பெரும்பாலும் டிஎன்எஸ் பதிவுகளில், அதாவது டொமைனைப் பற்றி வெளியுலகுக்குச் சொல்லும் குறிப்புகளில் இருக்கும். உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் (SPF) பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். செய்திமடல் அனுப்பும் சேவை ஒன்றில் புதிதாகச் சேரும்போது அவர்கள் தரும் வரியை இரண்டாவது பதிவாக ஒட்டிவிட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். ஏற்கெனவே உள்ள வரிக்குள்தான் சேர்க்க வேண்டும். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகிம் (DKIM) கையொப்பத்தையும் ஆன் செய்துவிட்டு, அனுமதிப் பட்டியல் இன்னும் தேவையா என்று பாருங்கள். அநேகமாகத் தேவைப்படாது.

நீங்களே வைத்திருக்கும் தடைப்பட்டியலில் ஒவ்வொரு குப்பை முகவரியாகச் சேர்ப்பது வீண் உழைப்பு, ஏனென்றால் அதே முகவரியிலிருந்து அவர்கள் மறுபடி அனுப்புவது அரிது. சொல்லை வைத்துத் தடுப்பது அதைவிட ஆபத்து. சியாலிஸ் என்ற மாத்திரையின் பெயரைத் தடுத்தால் ஸ்பெஷலிஸ்ட் என்ற சொல் உள்ள மெயிலும் போய்விடும். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அந்தப் பெயர் எழுத்து மாறாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

ஃபில்டருக்கு வெளியே இரண்டு விஷயம். இல்லாத முகவரிக்கு வருவதையெல்லாம் ஒரே பெட்டியில் வாங்கிக்கொள்ளும் கேட்ச்-ஆல் வசதியை அணைத்துவிடுங்கள். ஊகித்த பெயர்களுக்கெல்லாம் அனுப்பிப் பார்ப்பவர்களுக்கு அது திறந்த வாசல். இன்னொன்று, வடிகட்டாமல் எல்லா மெயிலையும் வேறொரு கணக்குக்கு ஃபார்வர்ட் செய்வது. அந்தக் குப்பையை அனுப்பியது உங்கள் சர்வர் என்றுதான் எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் நீங்கள் எழுதும் நல்ல மெயிலையும் அது சந்தேகப்படும்.

எல்லாம் முடிந்த பிறகு ஃபில்டர் உண்மையில் ஓடுகிறதா என்று சோதித்துவிடுங்கள். இதற்கென்றே ஜிட்யூப் (GTUBE) என்ற ஒரு சோதனை வரி இருக்கிறது. ஸ்பேம்அசாசின் ஆவணங்களிலேயே கிடைக்கும். வெளிக் கணக்கு ஒன்றிலிருந்து அந்த வரியை மட்டும் எழுதி உங்களுக்கே அனுப்புங்கள். அதற்கு 1000 புள்ளிகள் என்பதால், மெயில் வந்து சேர்ந்தால் ஸ்பேம் ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும். இன்பாக்ஸில் இருந்தால் ஃபில்டர் ஓடவே இல்லை. தானாக அழிப்பது ஆனில் இருந்தால் எங்கேயுமே தெரியாது, அதனால் சோதனைக்கு முன் அதை அணைத்துவிடுங்கள்.