மொட்டை மாடியில் உட்கார இடம் போடுகிறீர்களா?

மாடிக்கென்று சோபா செட் வாங்காதீர்கள், ஒரு சித்திரை வெயிலிலேயே துணி வெளுத்துவிடும், அப்புறம் மழையில் ஸ்பாஞ்சு ஊறி நாறும். இரும்புக் குழாயில் நாடா பின்னிய மடக்குக் கட்டில் போதும். அடியிலும் காற்று போகும், வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். கால்களுக்கு ரப்பர் புஷ் கட்டாயம், தரையில் பதித்த தட்டு ஓட்டில் விரிசல் விழுந்தால் மழைக்கு வீட்டுக்குள் ஒழுகலாம்.

நிழலுக்குப் பச்சை வலை கட்டினால் 50 சதவீத வலையே (பாதி வெயிலை மறைப்பது) சரி. 90 வாங்கினால் காற்றுக்கு உப்பிக்கொண்டு கம்பத்தையே ஆட்டும்.

தரை பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரிதான் கக்கும், அதனால் வெயில் இறங்கியதும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு உட்காருங்கள். கொசுவுக்கு ஒரு டேபிள் ஃபேன், கால்கள் பக்கம் பார்த்து வைக்க வேண்டும்.