கூர்கோணச் சாய்வு எழுத்துரு: ‘சாரதி’ என்ற சொல்லைக் கொண்டு ஒரு செய்முறை

கொழும்பில் முச்சக்கர வண்டிகளின் பின்கண்ணாடியில் ஒட்டத்தக்க, விண்கலப் பாணியிலான தமிழ் எழுத்துருவொன்றை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளிலேயே வரையலாம். 1000 அலகுச் சதுரத்தில், 90 அலகுத் தடிப்புள்ள கோடுகளால் முதலில் எழுத்துகளை நிமிர்ந்த நிலையில் வரையுங்கள். ட, ப ஆகியவை இயல்பாகவே நேர்கோடுகளால் ஆனவை என்பதால் அவற்றில் தொடங்குவது நல்லது. ண, ஞ இரண்டும் பொறுமையைச் சோதிப்பவை, கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மூலைகளை 45 பாகையில் வெட்ட வேண்டும். வெளிமூலையில் 100 அலகு வெட்டினால் உள்மூலையில் ஏறத்தாழ 47 அலகு மட்டுமே வெட்ட வேண்டும். உள்ளேயும் 100 வெட்டினால் அந்த இடத்தில் கோடு தடித்து, எழுத்து வீங்கினாற்போல் தெரியும்.

இனிச் சாய்வு. எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டை ஆதாரமாகக் கொண்டு வலப்புறம் 12 பாகை சாய்த்து, எழுத்துருத் தகவலில் சாய்கோணத்தை -12 எனக் குறியுங்கள். வேலை இத்துடன் முடிந்துவிடாது, ஏனெனில் மென்பொருள் தானாகச் செய்யும் இயந்திரச் சாய்வு கோடுகளின் தடிப்பைக் குலைக்கிறது: வலப்புறமாக மேலேறும் மூலைக்கோடு 90 அலகிலிருந்து 81 ஆக மெலிய, இடப்புறமாக மேலேறுவது 100 ஆகத் தடிக்கிறது. இவ்விரண்டையும் கையால் திருத்துவதே இந்த எழுத்துருவின் உண்மையான உழைப்பு என்பேன்.

‘சாரதி’ என்று தட்டச்சிட்டுப் பாருங்கள். ஒன்றையடுத்து ஒன்றாக வரும் துணைக்காலையும் (ா) ரகரத்தையும் பிரித்துக் காட்டுவது ரகரத்தின் கீழ்வால் மட்டுமே. அந்த வால் இடப்புறம் இறங்குவதால் சாய்வின் திசையிலேயே சென்று, மெலிந்தும் போகிறது. ஆகவே அதை அடிக்கோட்டுக்குக் கீழே 150 அலகாவது நீட்டி, 90 அலகுத் தடிப்பை மீட்டுக் கொடுங்கள். அழகுக்காக வாலைக் குறுக்குபவர்களுக்கு வாசகர்மேல் இரக்கமில்லை.

மெய்யெழுத்தின் புள்ளியைச் சதுரமாக வரைந்து எழுத்துடன் சேர்த்தே சாய்க்க வேண்டும். 720 அலகு உயரத்திலுள்ள புள்ளி 153 அலகு வலப்புறம் நகர்ந்தால்தான் எழுத்தின் தலைமேல் நிற்கும்; தனியே சாய்த்தால் பின்தங்கிவிடும். உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளுக்கும் டி, டீ ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள் தேவை.

ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குக் கோப்பை அனுப்புமுன், ஒன்றன்மேல் ஒன்று படிந்த வடிவங்களை ஒன்றாக இணைத்துவிடுங்கள். இல்லையேல் கத்தி எழுத்தின் நடுவிலும் கோடு போடும். புள்ளி சிறிதாக இருந்தால் மிகுதித் தாளை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், அதன் பக்கத்தைக் கோட்டின் தடிப்பைவிடச் சற்றுப் பெரிதாக, 110 அலகளவில் வையுங்கள். வண்டியின் பெயர், விளையாட்டுக் கழகச் சட்டை, சுவரொட்டித் தலைப்பு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஓடும் பஸ்ஸில் பயணி ஒரே பார்வையில் படிக்க வேண்டிய வழித்தடப் பலகைக்கு வழக்கமான நிமிர்ந்த எழுத்தையே பயன்படுத்துங்கள்.