நண்பரிடம் பழைய பின்பால் மெஷின் வாங்கும்போது

விலை பேசுமுன் பின்பெட்டியை, அதாவது மெஷினின் பின்முனையில் நிமிர்ந்து நிற்கும் பெட்டியை, திறக்கச் சொல்லுங்கள். 1970களின் இறுதியில் வந்த பேலி (Bally) நிறுவன மெஷின்களில் பேட்டரி சர்க்யூட் போர்டிலேயே இருக்கும். அது கசிந்து பச்சை பூத்திருந்தால் செம்புத் தடங்கள் அரித்திருக்கும். விலையைக் கூசாமல் குறையுங்கள். ஃபியூஸில் வெள்ளிக் காகிதம் சுற்றியிருந்தால் பாதுகாப்பே இல்லை, ஸ்விட்சையே தொடாதீர்கள்.

அமெரிக்க மெஷின் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு அமைத்தது. நம் 230-இல் நேரே செருகினால் ஃபியூஸ் போகும், சில சமயம் டிரான்ஸ்ஃபார்மரும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், சரியான ஆம்பியர் ஃபியூஸ் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் தேடலாம்.

எடை 100 கிலோவைத் தாண்டும்: குட்டி யானை, நாலு ஆள். முதலில் உள்ளே உருளும் 27 மி.மீ. எஃகுக் குண்டுகளை எடுங்கள், மறந்தால் வழியெல்லாம் உருண்டு ஆட்டப் பலகையைக் கீறும். பிறகு பின்பெட்டியை மடக்கிக் கட்டி (மடங்காத பழைய மாடலானால் கழற்றி), கால்களைக் கழற்றுங்கள். பெசன்ட் நகர் பக்கம் வீடா? உப்புக்காற்று தொடும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம்.