லோட்டஸ் 49: பழைய பந்தயக் கார் ஒன்றின் துல்லியமான மாதிரியைச் செய்யும் முறை

பழைய பந்தயக் கார் ஒன்றின் மாதிரியைச் செய்ய விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த நிறுவனத்தின் கிட் (பாகங்களாக வரும் மாதிரித் தொகுப்பு) நல்லது, எந்தப் பெயிண்ட் நல்லது என்பதைத்தான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கார், எந்தப் பந்தயம், எந்த நாள் என்பதே அது. பந்தயக் கார் கடையில் விற்கும் கார் போன்றதன்று. ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையில் அதன் பாகங்கள் மாறும், எண் மாறும், சில நேரம் நிறமே மாறிவிடும். ஆகவே "லோட்டஸ் 49" (பிரிட்டனின் லோட்டஸ் அணியுடைய ஃபார்முலா 1 பந்தயக் கார்) என்று பொதுவாகச் செய்யப்படும் மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எந்த நாளிலும் ஓடாத ஒரு காராகவே முடிய வாய்ப்பு அதிகம்.

இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸான்ட்ஃபோர்ட் ஓடுதளத்தில் ஜிம் கிளார்க் ஓட்டி வென்ற, 5 என்ற எண் தாங்கிய லோட்டஸ் 49. காருக்கும் அதன் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினுக்கும் அதுவே முதல் பந்தயம். அளவு 1/20, அதாவது உண்மைக் காரின் இருபதில் ஒரு பங்கு. எப்ரோ நிறுவனம் இந்த அளவில் 1967 காருக்கான பிளாஸ்டிக் கிட் வெளியிட்டிருக்கிறது. டாமியாவின் 1/12 கிட் பெரியது, தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சற்றுக் கடினமானது. வாங்கும்போது பெட்டியின் மேல் 49 என்று இருக்கிறதா, 49பி என்று இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். 49பி 1968-இல் வந்த வேறு வடிவம்; இறக்கைகள் அதற்குத்தான் உண்டு. சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களில் காணப்படும் லோட்டஸ்களும் 1968-இலும் அதற்குப் பிறகும் ஓடியவையே.

படங்களைத் திரட்டுதல்

பசை வாங்குவதற்கு முன் படங்களைத் திரட்டுங்கள். இன்று அருங்காட்சியகங்களிலும் பழைய கார்களுக்கான பந்தயங்களிலும் எடுக்கப்படும் வண்ணப் படங்கள் தெளிவானவை, எளிதில் கிடைப்பவை. ஆனால் மிகுதியாக ஏமாற்றுபவையும் அவையே. இன்று ஓடும் பழைய கார்களில் தற்கால விதிகளுக்காக இருக்கை வார், தீயணைப்பான், உயரமான பாதுகாப்பு வளைவு போன்றவை சேர்க்கப்பட்டிருக்கும். 1967-இல் கிராண்ட் பிரீ ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இருக்கை வார் அணியவில்லை. அது கட்டாயமானது 1972-இல்தான். இன்றைய படத்தைப் பார்த்துச் சிரத்தையாக வார் செய்து ஒட்டுபவர், தம் உழைப்பாலேயே மாதிரியைப் பிழையாக்கிவிடுகிறார்.

எனவே படங்களை இரண்டு கோப்புறைகளாகப் பிரித்து வைப்பது நல்லது. பந்தய நாளில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் எந்தப் பாகம் இருந்தது, எண் எங்கே இருந்தது என்பதற்குச் சான்று. இன்றைய வண்ணப் படங்கள் ஒரு குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த உலோகம் எப்படி மின்னுகிறது என்பதற்கு மட்டுமே உதவும். இரண்டும் முரண்பட்டால் பழைய படம் சொல்வதையே ஏற்க வேண்டும்.

கருவிகள்

நிறைய வேண்டியதில்லை. பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு ஒரு நிப்பர், கூரான கத்தி, நுனி மெலிந்த சாமணம், 400 முதல் 2000 வரை எண்ணிட்ட உப்புத்தாள்கள் (எண் கூடினால் மென்மை கூடும்), மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக்கை இளக்கி இணைக்கும் திரவப் பசை, கண்ணாடி போன்ற பாகங்களுக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை ஆகியவை போதும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்ப்ரே கேனிலேயே இந்தக் காரை முடித்துவிடலாம். லாக்கர் பெயிண்ட் அடிக்கும்போது சன்னலைத் திறந்து வைத்து, ஆவியைத் தடுக்கும் முகமூடியை அணிய வேண்டும். துணி முகமூடி இதற்குப் பயன்படாது.

பசையில்லாமல் பொருத்திப் பார்த்தல்

இந்தக் காரின் கட்டமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இதன் மாதிரியை நேராக நிறுத்த முடியாது. காலின் சாப்மனும் மொரீஸ் பிலிப்பும் வடிவமைத்த லோட்டஸ் 49-இல், அலுமினியத் தகட்டாலான உடல் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் சட்டம் என்று எதுவும் இல்லை. எஞ்சின் நேரடியாக உடலோடு போல்ட்டால் முடுக்கப்பட்டு, எஞ்சினோடு கியர்பாக்ஸ் முடுக்கப்பட்டு, பின்சக்கரங்களின் பாரம் முழுவதும் அவற்றின் வழியாகவே முன்னால் கடத்தப்படுகிறது. கீத் டக்வொர்த் இந்த 2993 சிசி வி8 எஞ்சினை அந்தப் பாரத்தைத் தாங்கும்படியே வடிவமைத்தார்.

மாதிரியிலும் இதே நிலைமைதான். உடலும் எஞ்சினும் சேரும் ஒரே ஒரு தளத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால், பின்சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கும். ஆகவே உடல், எஞ்சின், கியர்பாக்ஸ் மூன்றையும் முதலில் டேப்பால் மட்டும் இணைத்து, தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் வைத்துப் பின்னாலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். சேரும் முகங்களில் பெயிண்டோ நிப்பர் விட்ட பிசிறோ இருந்தால் உப்புத்தாளைச் சமதளத்தில் வைத்து, பாகத்தை அதன் மேல் தேய்த்து நீக்குங்கள். மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று உறுதியான பிறகே நிறம் பூசும் வேலைக்குப் போக வேண்டும்.

பச்சையும் மஞ்சளும்

உடலின் இரு பாதிகளும் சேரும் கோட்டைப் பட்டி வைத்து நிரப்பி, 400-இல் தொடங்கி 1000 வரை ஈரம் தொட்டுத் தேய்த்த பிறகு வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். வெள்ளை ஏன் என்றால், கரும்பச்சை உடலின் நடுவே மூக்கிலிருந்து ஓடும் மஞ்சள் பட்டைதான் இந்தக் காரின் அடையாளம். அந்தப் பட்டைக்கு டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம்) இருந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். மெல்லிய மஞ்சள் டீக்காலைக் கரும்பச்சையின் மேல் ஒட்டினால் அடிநிறம் ஊடுருவி மஞ்சள் மங்கிவிடும். பச்சையின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்தாலும் பல பூச்சுகள் தேவைப்பட்டு, பட்டையின் ஓரம் திட்டாக உயர்ந்து நிற்கும். வெளிர்நிறம் முதலில், கருநிறம் பிறகு என்பதே சரியான வரிசை.

பட்டை வரும் இடத்தைச் சுற்றிலும் தாராளமாக மஞ்சள் அடித்து, முழுக்கக் காய்ந்த பின் பட்டையின் அகலத்துக்கு டேப்பை வெட்டி ஒட்டுங்கள். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தாமல் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் நீவுங்கள். அதன் பிறகு நேரே பச்சைக்குப் போகாமல், டேப்பின் ஓரத்தின் மேல் அதே மஞ்சளை இன்னொரு முறை மெல்லியதாக அடியுங்கள். டேப்புக்கு அடியில் எங்காவது இடைவெளி இருந்தால் அதற்குள் புகுந்து அடைப்பது மஞ்சளாகவே இருக்கும். மஞ்சளின் மேல் மஞ்சள் தெரியாது. பிறகு அடிக்கும் பச்சை உள்ளே கசிய வழியிருக்காது. பச்சையை மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாக அடித்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், முழுக்க இறுகும் முன்பே டேப்பைத் தனக்குத் தானே மடக்கியபடி மெதுவாக உரியுங்கள். செங்குத்தாகத் தூக்கினால் ஓரம் பிய்ந்து வரும்.

எந்தப் பச்சை என்பதில் முடிவில்லாத வாதங்கள் உண்டு. "பிரிட்டிஷ் ரேசிங் கிரீன்" என்பது ஒரே ஒரு நிறத்தின் பெயரன்று. அணிக்கு அணி அது வேறுபட்டது. லோட்டஸ் அணியினுடையது கருமையான பச்சை என்பதை மனத்தில் கொண்டு, அதைவிட ஒரு நூல் வெளிரிய பச்சையைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம். சிறிய பொருளில் அடர்ந்த நிறம் உண்மையில் இருப்பதைவிடக் கருமையாகத் தோன்றும். அறை விளக்கின் கீழ் அது கறுப்பாகவே தெரியும். மழைக்காலத்தில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், லாக்கர் பெயிண்ட் காயும்போது காற்றின் ஈரம் படிந்து வெண்மை பூத்துவிடும் என்பதால், வெயில் அடிக்கும் நாளின் நண்பகலை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள்.

எண் டீக்கால்களை ஒட்டியபின் குறைந்தது ஒரு நாள் காயவிட்டு கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சை அடிக்க வேண்டும். முதல் இரண்டு பூச்சுகள் பனிபோல மெல்லியதாக இருக்கட்டும். எடுத்தவுடன் ஈரமாக அடித்தால் லாக்கர் டீக்காலைச் சுருக்கிவிடும்.

எஞ்சின்

இந்தக் காரில் எஞ்சினுக்கு மூடி இல்லை. பார்ப்பவரின் கண் பச்சை உடலிலிருந்து நேரே எஞ்சினுக்குத்தான் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளி நிறத்தை அடிப்பது தொடக்கநிலையில் காணும் பொதுவான குறை. வார்ப்பு அலுமினியம் மங்கலாகவும், காற்று உள்ளே போகும் எட்டு ஊதுகுழல்களும் பளபளப்பாகவும், எக்ஸாஸ்ட் குழாய்கள் சூடேறிய உலோகத்தின் பழுப்புச் சாயலோடும் இருக்க வேண்டும். வால்வு மூடியில் புடைத்து நிற்கும், எஞ்சினுக்குப் பணம் அளித்த ஃபோர்டு நிறுவனத்தின் பெயர் எழுத்துகளின் உச்சியில் பட்டும் படாமலும் வெள்ளிப் பெயிண்டைத் தடவினால் அவை தனித்துத் தெரியும்.

கிட்டில் வராத ஒயர்களைச் சேர்ப்பதுதான் மாதிரியை உயிர்ப்பிக்கும் வேலை. அதற்குக் கணக்கு எளிது. உண்மையான ஸ்பார்க் பிளக் ஒயர் ஏறத்தாழ 7 மி.மீ. தடிமன், இருபதால் வகுத்தால் 0.35 மி.மீ. கையில் கிடைத்த 1 மி.மீ. ஒயரைச் செருகினால் அது 1/20 அளவில் தோட்டத்து ரப்பர் குழாயின் பருமனுக்கு வந்துவிடும்.

சக்கரமும் முன்கண்ணாடியும்

டயர்களின் நடுவே அச்சு விட்டுச் சென்ற கோட்டை உப்புத்தாளால் நீக்கி, ரப்பரின் பளபளப்பையும் அதோடு மங்கச் செய்யுங்கள். 1967 டயர்களில் வரிப்பள்ளம் உண்டு. மழமழப்பான டயர்கள் 1971-இல்தான் வந்தன. முன்கண்ணாடியை ஒட்டச் சூப்பர் குளூவைத் தொடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும்.

தூசி

கடைசி முடிவு, காரைப் பந்தயத்துக்கு முன் நிறுத்துவதா, பின் நிறுத்துவதா என்பது. முன் என்றால் மெருகேற்றியதோடு வேலை முடிந்தது. பின் என்றால் அது 90 சுற்றுகள் ஓடிய கார். ஸான்ட்ஃபோர்ட் கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே அமைந்த ஓடுதளம். கரிய அழுக்கைப் பூசுவதைவிட, வெளிர்மணல் நிறப் பொடியைப் பின்சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள சஸ்பென்ஷன் கம்பிகளிலும் கியர்பாக்ஸின் அடியிலும் மென்தூரிகையால் தொட்டுவைத்து, எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய் தெறித்த இடங்களில் மட்டும் அந்தப் பொடி சற்று ஈரமாகக் கறுத்திருக்கும்படி செய்யுங்கள். மூக்கில் சிறு பூச்சிக் கறைகளுக்கு மேல் எதுவும் வேண்டாம்.