இடைக்கால இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வழக்கு எங்கே நடந்தது? தேடிப் பிடிக்கும் வழி

இங்கிலாந்து வரலாறு படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ராஜாக்களோடு நின்றுவிடுகிறார்கள். கொடுத்த கடன் திரும்பாத ஒரு குடியானவன் யாரிடம் போய் முறையிட்டான் என்று தேடினால்தான் அந்த நாடு பிடிபடும். கிழக்கு இங்கிலாந்தில், சஃபோக்கில் உள்ள இக்வொர்த் என்ற ஊரை வைத்துப் பார்ப்போம்.

படி 1: ஹண்ட்ரடைக் கண்டுபிடியுங்கள்

ஷயர் என்பது மாவட்டம். ஹண்ட்ரட் அதன் உட்பிரிவு, வழக்கு கேட்க அதற்கென்று தனி மன்றம் இருந்தது. 1086-ல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கைத் திறங்கள். அது நிலத்துக்காரர் வாரியாக எழுதப்பட்டது. ஊர்ப்பெயருக்கு மேலே ஹண்ட்ரட் பெயர் இல்லையென்றால் பதற வேண்டாம், முந்தைய தலைப்பு வரை மேலே போங்கள். இக்வொர்த்துக்கு அது திங்கோ. டேனியர் குடியேறிய லிங்கன்ஷயர், யார்க்‌ஷயர் பக்கம் என்றால் ஹண்ட்ரடுக்குப் பதில் வேப்பன்டேக் என்ற பெயரைத் தேடுங்கள்.

படி 2: பெயரைப் பிரித்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. திங்கோ என்றால் 'கூட்டம் கூடும் மேடு'. மிடில்செக்ஸில் இருந்த ஸ்பெல்தார்ன் ஹண்ட்ரட், 'பேச்சு நடக்கும் முள்மரம்'. மன்றம் என்றதும் கட்டடத்தை நினைக்காதீர்கள். மண்மேடு, மரத்தடி, ஆற்றுத்துறை என்று எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் போதும், அங்கே வெட்டவெளியில் கூடினார்கள். தீர்ப்பும் தனி ஒரு நீதிபதியின் கையில் இல்லை. கூட்டத்துக்கு வரக் கடமைப்பட்ட நிலக்காரர்களே சேர்ந்து சொன்னார்கள்.

படி 3: வழக்கின் வகையைப் பாருங்கள்

சின்னக் கடன், அடிதடி, பயிரை மேய்ந்த மாடு என்றால் ஹண்ட்ரட் மன்றம். 1234 முதல் 3 வாரத்துக்கு ஒருமுறை கூடியது. கொலை என்றால் அரசரின் நீதிபதிகள். பண்ணையடிமையின் நிலத் தகராறு என்றால் பண்ணையாரின் மன்றம்.

படி 4: அபராதம் யாருக்குப் போனது?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேற்கு சஃபோக்கின் எட்டரை ஹண்ட்ரட்களை அரசர் எட்வர்ட் கன்ஃபெஸர் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக்குக் கொடுத்திருந்தார். திங்கோவும் அதில் சேர்த்தி. அங்கே ஷெரிஃபின், அதாவது ஷயரில் அரசரின் அதிகாரியின், இடத்தில் மடத்தின் ஆட்கள் இருந்தார்கள், வருமானமும் மடத்துக்கே. அதனால் இக்வொர்த்துக்கு மடத்து ஆவணங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

சரி, நீங்கள் தேடுவது வேறு ஊரா? 1274-75-ல் முதலாம் எட்வர்ட், எந்த ஹண்ட்ரட் தன் கையில் இருக்கிறது, எது பிறர் கையில் என்று ஊர் ஊராக விசாரிக்கச் சொன்னார். அந்த விசாரணையைப் பதிந்த ஹண்ட்ரட் சுருள்களில் உங்கள் ஹண்ட்ரடின் பெயரைத் தேடுங்கள்.